கெஜட் வந்த நாளிலிருந்து எண்ணுங்கள்: தென்னாப்பிரிக்க இணையக் கொள்கையில் நம் சொல்லைப் பதிவது எப்படி

2017ல், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெரு ஆயா ஒருவர் என்னிடம் கேட்டார்: "கண்ணு, கடையில அஞ்சு கிலோ அரிசி வாங்குறேன். மாசக் கடைசியில ரெண்டு கிலோ மிஞ்சுது. கடைக்காரன் வந்து அந்த ரெண்டு கிலோவ எடுத்துட்டுப் போறானா? இந்த டேட்டாவ மட்டும் ஏன் எடுத்துட்டுப் போறான்?"

அவர் ஒரு பள்ளி நோட்டு வைத்திருந்தார். எந்தத் தேதியில் எத்தனை ராண்டுக்கு ரீசார்ஜ் செய்தார், எந்தத் தேதியில் எவ்வளவு டேட்டா மிச்சமிருக்கும்போதே காலாவதியானது என்று பேரன் கையெழுத்தில் நான்கு மாதக் கணக்கு அதில் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இகாசா, டேட்டா காலாவதி பற்றிய வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டிருந்தது. ஆயாவின் நோட்டையும் அரிசிக் கேள்வியையும் வைத்துக் கோயில் மண்டபத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து எங்கள் முதல் கருத்து மனுவை எழுதினோம். அதில் செய்த தப்புகளே அதிகம். அவற்றையும் பிறகு கற்றதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். வக்கீல் படிப்பு எனக்கு இல்லை, இந்த வேலைக்கு அது கட்டாயமும் இல்லை.

அந்த விவகாரம் எப்படி முடிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ல் 'டேட்டா மஸ்ட் ஃபால்' என்ற முழக்கம் சமூக வலைத்தளங்களில் கிளம்பியது. அதே ஆண்டு நாடாளுமன்றக் குழு ஒன்று கைப்பேசி அழைப்பு, டேட்டா கட்டணங்கள் பற்றி விசாரணை நடத்தியது. இகாசா 2018ல் விதிகளை இறுதி செய்தது. ஒரு கைப்பேசி நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனதால் கொஞ்சம் தாமதமாகி 2019ல் அவை நடைமுறைக்கு வந்தன. மிச்ச டேட்டாவை அடுத்த காலத்துக்கு நகர்த்தலாம், அதே நிறுவனத்தின் இன்னொரு வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாம். 50, 80, 100 சதவீதம் தீர்ந்ததும் குறுஞ்செய்தி வர வேண்டும். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் பொதிக்கு வெளியே அதிக விலையில் பணம் பிடிக்கக் கூடாது. இன்னொரு பக்கம், நிறுவனங்களுக்கிடையிலான வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 2017ல் தொடங்கிய டேட்டா சந்தை விசாரணையின் இறுதி அறிக்கை 2019 டிசம்பரில் வந்தது. வோடகாம், எம்டிஎன் என்ற இரண்டு பெரிய கைப்பேசி நிறுவனங்களும் விலையை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்க இடமிருக்கிறது என்றது அது. 2020 ஏப்ரலில் வோடகாமின் 1 ஜிபி மாதப் பொதி 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறங்கியது.

எங்கள் ஒரு பக்கத்தால் இது நடந்தது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் கவனியுங்கள்: ஒரே குறை, மூன்று கதவு. நாடாளுமன்றம், இகாசா, போட்டி ஆணையம். ஒவ்வொன்றும் வேறு கேள்வியைக் கேட்டது, வேறு ஆதாரத்தை ஏற்றது.

முதல் படி: எந்தக் கதவு?

நம் ஆட்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கோபம் வந்ததும் அமைச்சருக்கு ஒரு கடிதம், ஜனாதிபதிக்கு ஒரு நகல், வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு. முடிவெடுக்கும் மேசைக்கு மட்டும் ஒன்றும் போகாது.

நாடு எந்தத் திசையில் போக வேண்டும் என்ற கொள்கை, வெள்ளை அறிக்கை, கொள்கை வழிகாட்டுதல் எல்லாம் தகவல்தொடர்பு மற்றும் டிஜிட்டல் தொழில்நுட்பத் துறை அமைச்சரின் வேலை. 2025 மே மாதம் அமைச்சர் சோலி மலாட்சி, உரிமம் கேட்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், இங்கே முன்பு ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பங்குரிமை தருவதற்குப் பதிலாகச் சமமான முதலீட்டுத் திட்டங்களைக் காட்டலாமா என்று வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டாரே, செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஸ்டார்லிங்க் பற்றிய பேச்சு வீட்டுக்கு வீடு ஓடியதே, அது இந்தக் கதவு. சட்ட மசோதா என்றால் நாடாளுமன்றம். உரிம நிபந்தனை, வாடிக்கையாளர் உரிமை, அலைக்கற்றை என்றால் இகாசா. விலையும் சந்தை ஆதிக்கமும் போட்டி ஆணையம். உங்கள் அடையாள எண்ணையும் கைப்பேசி எண்ணையும் யாரோ விற்கிறார்கள் என்றால் தகவல் ஒழுங்குமுறை ஆணையம். இணையக் காணொளி வகைப்பாடு திரைப்பட, வெளியீட்டு வாரியத்தின் பாடு. தெருமுனையில் கோபுரம் நடுகிறார்கள் என்றால் அதற்கு நாடாளுமன்றம் இருக்கும் கேப் டவுன் வரை போக வேண்டியதில்லை, டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் திட்ட அனுமதிப் பிரிவில் தொடங்குங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். நீங்கள் கேட்கும் மாற்றம் எந்தத் தாளில் எழுதப்பட வேண்டும்? சட்டத்திலா, விதியிலா, உரிமத்திலா? அந்தத் தாளை யார் கையெழுத்திடுகிறார்களோ அவர்தான் உங்கள் ஆள்.

இரண்டாம் படி: நாளைப் பிடிப்பது

'கெஜட்' எனப்படும் அரசிதழின் வழக்கமான இதழ் வெள்ளிக்கிழமை வரும். சிறப்பிதழ் எந்த நாளும் வரலாம். அரசின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். இகாசா தன் தளத்திலும் போடும். நாடாளுமன்றக் குழுக்கள் என்ன செய்கின்றன என்பதைப் பின்தொடர நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு என்ற தொண்டு அமைப்பின் தளத்தைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. எந்த மசோதா எந்தக் குழுவில் இருக்கிறது, கூட்டத்தில் யார் என்ன பேசினார், கருத்துக்குக் கடைசி நாள் எது என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். மின்னஞ்சல் கொடுத்தால் அறிவிப்பும் வரும்.

இகாசா ஒரு விதியைப் போடுவதற்குக் குறைந்தது 30 நாள் முன்னால் வரைவை அரசிதழில் வெளியிட்டு எழுத்துப்பூர்வக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டு மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டம். அமைச்சரின் வழிகாட்டுதலுக்கும் 30 நாளுக்குக் குறையாத அவகாசம் உண்டு. நாடாளுமன்றக் குழுவுக்கு இப்படி நிலையான எண் கிடையாது, பெரும்பாலும் சில வாரங்கள் தருவார்கள்.

முப்பது நாள் என்பது நீளமாகத் தோன்றும். நாங்கள் முதல்முறை செய்தது இது: வரைவு வந்த செய்தி பத்து நாள் கழித்துத்தான் காதில் விழுந்தது. படிக்க ஒரு வாரம். கூடிப் பேச நாள் குறித்தால் அன்றைக்கு ஒரு கல்யாணம், அடுத்த வாரம் காவடி வேலை. எழுத உட்கார்ந்தபோது மிச்சம் மூன்று நாள். கடைசி நாளில் அனுப்பலாம் என்று மாலை ஆறு மணிக்கு மின்னஞ்சலைத் திறந்தால், அறிவிப்பில் மாலை நான்கு மணி என்று போட்டிருந்தது. மன்றாடி ஒரு கடிதம் எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். அது அவர்கள் கருணை, நம் உரிமை இல்லை.

அதனால் இப்போது கெஜட் தேதியை நோட்டில் எழுதியவுடன் அதன் கீழேயே நான்கு தேதி குறிக்கிறேன். ஐந்தாம் நாள் படித்து முடிப்பது, பத்தாம் நாள் கூட்டம், இருபதாம் நாள் வரைவு, இருபத்தேழாம் நாள் அனுப்புவது. டிசம்பர் நடுவில் வரும் அரசிதழ் மேல் ஒரு கண் வையுங்கள். ஊரே விடுமுறையில் இருக்கும்போது நாள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவகாசம் போதாது என்றால் நீட்டிப்புக் கேளுங்கள், ஆனால் முதல் வாரத்திலேயே, நாலைந்து அமைப்புகள் சேர்ந்து, காரணத்தோடு கேளுங்கள். கடைசி நாளில் கேட்பது சோம்பலுக்குச் சாக்குச் சொல்வதுபோல இருக்கும்.

மூன்றாம் படி: மசோதாவைப் படிக்கும் வித்தை

திருத்த மசோதாவைத் திறந்தால் தடித்த எழுத்தில் சதுர அடைப்புக்குள் இருப்பவை நீக்கப்படும் சொற்கள். அடிக்கோடிட்டவை புதிதாகச் சேர்பவை. இந்த ஒன்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். 'நோக்கங்கள் குறித்த குறிப்பு' என்று ஒன்று இருக்கும், இந்தச் சட்டம் எதற்கு என்று அரசே தன் வாயால் சொல்வது அங்கேதான். பிறகு வரையறைப் பிரிவு. பிறகு 'அமைச்சர் விதிகள் இயற்றலாம்' என்று வரும் இடங்கள் அத்தனையும். சட்டத்தில் நல்ல பேச்சு பேசிவிட்டுக் கடிக்கும் பற்களை விதிகளுக்குள் ஒளித்து வைப்பது எல்லா நாட்டு அரசுக்கும் கைவந்த கலை. 'வேண்டும்' எங்கே, 'லாம்' எங்கே என்று வட்டம் போடுங்கள். உங்கள் உரிமைக்குப் பக்கத்தில் 'லாம்', அவர்கள் அதிகாரத்துக்குப் பக்கத்தில் 'வேண்டும்' என்று வந்தால் அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

மசோதா எண்ணையும் பாருங்கள். சைபர் குற்றங்கள், சைபர் பாதுகாப்பு மசோதா 'பி 6-2017' என்று தொடங்கியது. எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏ' சேர்ந்தால் திருத்தங்களின் பட்டியல், 'பி' சேர்ந்தால் திருத்திய முழு மசோதா. பழைய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இல்லாத பிரிவை எதிர்ப்பவர்கள் ஒவ்வொரு விசாரணையிலும் ஒருவராவது இருப்பார்கள். அது நாமாக இருக்கக் கூடாது.

இன்னொன்று, 75ஆம் பிரிவு மசோதாவா, 76ஆம் பிரிவு மசோதாவா? மாகாணங்களைத் தொடும் 76ஆம் பிரிவு மசோதாவானால் அது மாகாணங்களின் தேசிய அவைக்குப் போகும்போது நம் குவாசுலு-நட்டால் சட்டமன்றமும் கருத்துக் கேட்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போகலாம், சில சமயம் அவர்களே ஊர் மண்டபத்துக்கு வருவார்கள். இரண்டாவது வாய்ப்பு அது.

இந்த சைபர் மசோதாவின் கதை தெம்பு தரக்கூடியது. 2015ல் வந்த முதல் வரைவில் அரசு பாதுகாப்பு அமைப்புகளுக்கு இணையத்தின் மேல் பெரிய பிடி இருந்தது. 'ரைட் டு நோ' என்ற தகவல் உரிமை இயக்கம் போன்ற அமைப்புகள் பிரிவு பிரிவாகப் பிரித்து எழுதின. 2018ல் சைபர் பாதுகாப்புப் பகுதியே மசோதாவிலிருந்து கழன்று விழுந்தது. குற்றங்கள் பகுதி மட்டும் 2021ல் சட்டமானது. எல்லாம் இப்படி முடிவதில்லை. 'இணையத் தணிக்கை மசோதா' என்று பெயர் வாங்கிய திரைப்பட, வெளியீட்டுத் திருத்தச் சட்டத்துக்கும் எதிர்ப்புக் குவிந்தது. அது 2019ல் சட்டமாகி 2022 மார்ச்சில் நடைமுறைக்கே வந்துவிட்டது.

நான்காம் படி: ஆதாரம் சேர்ப்பது

ஆயாவின் நோட்டுதான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. குழுவில் இருப்பவர்களிடம் புள்ளிவிவரம் குவிந்திருக்கும், நிறுவனங்கள் வண்ண வரைபடத்தோடு வருவார்கள். நம்மிடம் இருப்பது வீட்டுக் கணக்கு. முன்கூட்டிப் பணம் கட்டும் சிம், சின்னச் சின்னப் பொதி, ஒரு ஜிபிக்கு மற்றவர்களைவிட அதிக விலை. இதைத் தேதி, தொகை, மிச்சம் என்று மூன்று பத்தியில் பத்து வீட்டில் எழுத வைத்தால் அதற்குத் தனி எடை.

அரசிடம் இருக்கும் தாள் வேண்டுமென்றால் 2000ஆம் ஆண்டுத் தகவல் அணுகல் சட்டம் இருக்கிறது, எல்லாரும் 'பையா' என்பார்கள். அரசமைப்பின் 32ஆம் பிரிவு தந்த உரிமை. இரண்டாம் எண் படிவத்தை நிரப்பி அந்த அமைப்பின் தகவல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 'டேட்டா பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்' என்று எழுதினால் ஒன்றும் வராது. 'இந்த வரைவுக்காக இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையே செய்த தாக்க ஆய்வு அறிக்கை' என்று எழுதுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள், ஒருமுறை இன்னும் 30 நாள் நீட்டலாம். பதிலே வராவிட்டால் மறுத்ததாகக் கொள்ளலாம். தேசிய, மாகாணத் துறைகள், நகராட்சிகள் என்றால் அவர்களுக்குள்ளேயே மேல்முறையீடு உண்டு. அதற்குப் பிறகும் கிடைக்காவிட்டால் தகவல் ஒழுங்குமுறை ஆணையம். இந்த நாள் கணக்கைப் பார்த்தாலே தெரியும், கருத்துக் காலம் தொடங்கிய பிறகு பையா போட்டால் தாள் கைக்கு வருமுன் காலம் முடிந்திருக்கும். ஒரு விஷயம் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்தவுடன் போட்டுவிடுங்கள்.

தனிநபர் தரவுரிமைக்காகப் பேசக் கிளம்பும் நாமே ஒரு தப்பு செய்வோம். கையெழுத்துத் தாளில் பெயர், அடையாள எண், முகவரி, தொலைபேசி எல்லாவற்றையும் வாங்கி, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். 'போப்பியா' எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுவீச்சில் இருக்கிறது. அதன் கண்ணில் அந்தத் தாளுக்கு நாம்தான் பொறுப்பு. பெயரும் ஊரும் போதும். அடையாள எண் எதற்கு? வேலை முடிந்ததும் தாளைப் பூட்டி வையுங்கள்.

ஐந்தாம் படி: எழுதுவது

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. எங்கள் முதல் வரைவின் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஏழை மக்களைச் சுரண்டும் கைப்பேசி நிறுவனங்களின் அநியாயத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். டேட்டா காலாவதியை உடனே ஒழிக்க வேண்டும்."

எங்கள் குழுவில் முன்பு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஓர் அக்கா இதைப் படித்துவிட்டு, "இதை வாங்கி வைக்கிற பையன் எந்தக் கோப்பில் வைப்பான்?" என்று மட்டும் கேட்டார். அவர் விளக்கினார்: வரும் கருத்துகளை எல்லாம் அதிகாரிகள் ஓர் அட்டவணையில் ஏற்றுவார்கள். பிரிவு எண், யார் சொன்னது, என்ன சொன்னார், எங்கள் பதில். பிரிவு எண் இல்லாத கருத்து அந்த அட்டவணையில் எங்கும் உட்காராது, 'பொதுவான கருத்துகள்' என்ற கடைசிப் பெட்டிக்குள் போய்விடும்.

திருத்திய பிறகு அதே விஷயம் இப்படி ஆனது:

"வரைவின் காலாவதிப் பிரிவு பற்றி. தற்போதைய சொற்களின்படி மிச்ச டேட்டாவை நீட்டிக்கும் வாய்ப்பை நிறுவனம் வழங்கினால் போதும். எப்படிக் கேட்பது என்று இல்லை. இணைப்பு 1ல் உள்ள ஓய்வூதியர், நான்கு மாதத்தில் மூன்று முறை டேட்டாவை இழந்தார். அவர் கைப்பேசியில் செயலி ஓடாது. எனவே 'செயலி இல்லாத கைப்பேசியிலும் இயங்கும் இலவசக் குறியீட்டின் வழியாக' என்ற சொற்களைச் சேர்க்கக் கோருகிறோம்."

பிரிவு, அது என்ன சொல்கிறது, அதனால் யாருக்கு என்ன ஆகிறது, பதிலாக எந்தச் சொற்கள். நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். நாலாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். மாற்றுச் சொற்களை நீங்களே எழுதிக் கொடுத்தால் அதிகாரிக்கு ஒரு வேலை மிச்சம். அவர்கள் அப்படியே எடுக்காவிட்டாலும், ஏன் எடுக்கவில்லை என்று அட்டவணையில் எழுத வேண்டிவரும். பின்னால் அந்தப் பதிலே நமக்கு உதவும்.

முதல் பக்கத்தில் நீங்கள் யார், எத்தனை பேர் சார்பாகப் பேசுகிறீர்கள், எந்தெந்தப் பிரிவு பற்றி, வாய்மொழியாகப் பேச விரும்புகிறீர்களா என்று நாலு வரி. கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று கட்டாயம் எழுதுங்கள், எழுதாதவர்களைக் கூப்பிட மாட்டார்கள். பக்க எண் போடுங்கள். நீளம்? எனக்குக் கேட்டால் மூன்று பக்கம், மற்றதெல்லாம் இணைப்பு.

மொழி பற்றி ஒரு வார்த்தை. அரசமைப்பின் 6ஆம் பிரிவு, அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியம் மதிப்பை வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் தமிழ் ஆட்சிமொழி இல்லை, பன்னிரண்டு ஆட்சிமொழிகளில் ஒன்றில்தான் மனு போக வேண்டும். நாங்கள் செய்வது இது: பெரியவர்கள் தமிழில் சொல்வதை அப்படியே தமிழில் எழுதி, அவர்களுக்குப் படித்துக் காட்டி, பிறகு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, இரண்டையும் இணைப்பாக வைப்போம். பேரப்பிள்ளைகள் நேரே ஆங்கிலத்தில் எழுதினால் ஆயாவின் அரிசி காணாமல் போய் 'நுகர்வோர் நலன்' வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தச் சுற்று வழி.

ஆறாம் படி: எத்தனை பேர்?

ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் ஆயிரம் என்று எண்ணிக்கையில் வரும், அட்டவணையில் ஒரே வரியாகத்தான் வரும். அரசியல் அழுத்தத்துக்கு அந்த எண்ணிக்கை தேவைதான். ஆனால் அதனோடு, வேறு வேறு வீடுகளின் ஐந்து தனி மனுக்கள் போனால் அட்டவணையில் ஐந்து வரி.

டர்பனில் இருந்துகொண்டு இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. 1894ல் நட்டால் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவுக்கு எதிராக, பிரிட்டிஷ் குடியேற்றத் துறை அமைச்சர் ரிப்பன் பிரபுவுக்குச் சுமார் 10,000 கையெழுத்தோடு மனு போனது. முன்னின்றவர் காந்தி. மனுவில் என்ன இருக்கிறது என்று புரியாமல் ஒருவர்கூடக் கையெழுத்திடக் கூடாது என்பது அவர் வைத்த விதி. அந்த மசோதாவை லண்டன் ஏற்கவில்லை. சரி, வெற்றி என்று நினைப்பதற்குள் 1896ல் அதே காரியம் வேறு சொற்களில், இனத்தின் பெயரைச் சொல்லாமல், சட்டமாகிவிட்டது. திருத்திய பதிப்பை ஏன் மறுபடி உட்கார்ந்து படிக்கச் சொல்கிறேன் என்றால் இதனால்தான்.

கூட்டாளிகளைத் தேடுங்கள். மீடியா மானிட்டரிங் ஆப்பிரிக்கா (இப்போது பெயர் மோக்ஸி ஆப்பிரிக்கா), ஒலிபரப்புக்கான எஸ்ஓஎஸ் கூட்டமைப்பு, அமாண்ட்லா.மோபி, ரிசர்ச் ஐசிடி ஆப்பிரிக்கா, லீகல் ரிசோர்சஸ் சென்டர் என்று இந்தத் துறையிலேயே உழன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சட்ட அறிவு உண்டு, நம்மிடம் நோட்டு உண்டு. டர்பனில் நம் ஆட்கள் வாழும் ஃபீனிக்ஸிலோ மெரிபேங்கிலோ கோயில் சங்கம் ஒன்று ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. தெருவைத் தாண்டியும் போங்கள். கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியில் இருப்பவரும் அதே சின்னப் பொதியைத்தான் வாங்குகிறார். இந்தியர் குறை என்று சுருக்கினால் குறையும் சுருங்கிவிடும்.

ஏழாம் படி: நேரில் பேசுவது

பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம் தருவார்கள், இப்போது பாதிக்கு மேல் இணையவழிதான். ஒருமுறை எங்கள் முறை வந்தபோது மின்வெட்டு. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கம்பி இழுத்துப் பேசினோம். அதிலிருந்து, மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து மின்சாரம் இருக்கும் பகுதியில் ஒருவர், வேறு நிறுவன சிம்மோடு இன்னொருவர் என்று இரண்டு இடத்தில் ஆள் வைக்கிறோம்.

மனுவைப் படிக்காதீர்கள், அது அவர்கள் கையில் இருக்கிறது. முதல் நிமிடத்தில் எந்தப் பிரிவு, என்ன கேட்கிறோம். அடுத்து பாதிக்கப்பட்டவரே பேசட்டும். ஆயா பேசினார். நோட்டை காமிராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டி அரிசிக் கேள்வியைத் தமிழில் கேட்டார், பேரன் ஆங்கிலத்தில் சொன்னான். ஓர் உறுப்பினர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிறகு கேள்விகள். 'இதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது?' என்பது எப்போதும் வரும், பதிலோடு போங்கள். தெரியாததற்கு 'ஏழு நாளில் எழுத்தில் தருகிறோம்' என்று சொல்லி, ஏழு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். அதுவும் பதிவில் ஏறும்.

எட்டாம் படி: அதற்குப் பிறகு

அனுப்பியதற்கு ஒப்புகை வாங்குங்கள். தானியங்கிப் பதிலாக இருந்தாலும் சேமியுங்கள். குழு மசோதாவைப் பிரிவு பிரிவாக விவாதிக்கும் நாட்களின் பதிவைக் கேளுங்கள். நம் கருத்துக்கு என்ன பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். இரண்டு அவையும் தாண்டிவிட்டால்கூட ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் போடலாம். அரசமைப்புச் சந்தேகம் இருந்தால் 79ஆம் பிரிவின்படி அவர் மசோதாவைத் திருப்பி அனுப்பலாம். 2020ல் பதிப்புரிமைத் திருத்த மசோதாவை அப்படித்தான் ராமபோசா திருப்பி அனுப்பினார்.

இந்தத் தாள்களை எல்லாம் ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்பது நீதிமன்றத்தில் தெரியும். சட்டம் இயற்றும்போது மக்களைச் சேர்த்துக்கொள்வது அவைகளின் கடமை என்று அரசமைப்பின் 59, 72, 118ஆம் பிரிவுகள் சொல்கின்றன. 2006ல் 'டாக்டர்ஸ் ஃபார் லைஃப்' வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம், மக்களிடம் சரியாகக் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகவே சட்டங்களைச் செல்லாது என்றது. அமைச்சர்களும் தப்பவில்லை. பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பை 2022 ஜூன் 30ல் அணைப்பதாக இருந்தது. மாதம் 3,500 ராண்டுக்குக் கீழ் வருமானமுள்ள வீடுகளுக்கு அரசு தர வேண்டிய டிஜிட்டல் மாற்றுப் பெட்டி பலருக்கு வந்து சேரவில்லை. பாதிக்கப்படுபவர்களுக்கு அறிவித்து அவர்கள் கருத்தைக் கேட்காமல் அமைச்சர் தேதி குறித்தது தவறு என்று, அணைக்க இரண்டு நாள் இருக்கும்போது அதே நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கில் ஈடிவி என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி நிறுவனத்தோடு மீடியா மானிட்டரிங் ஆப்பிரிக்காவும் எஸ்ஓஎஸ் கூட்டமைப்பும் இருந்தன. 2021ல் அமாபுங்கானே என்ற புலனாய்வு ஊடக அமைப்பு, அதன் செய்தியாளர் சாம் சோலின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டதை வைத்து, 'ரீக்கா' எனப்படும் இடைமறிப்புச் சட்டத்தின் பகுதிகளை அரசமைப்புக்கு முரணானவை என்று அறிவிக்க வைத்தது. நாம் சிம் வாங்கும்போதெல்லாம் அடையாள அட்டை காட்டுவதும் இந்தச் சட்டத்தினால்தான்.

வழக்கு நம் சங்கத்தால் தனியாக முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் வழக்குப் போடும் அமைப்புக்கு 'நாங்கள் இந்தத் தேதியில் எழுதினோம், பதில் இல்லை' என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். நிர்வாக முடிவை எதிர்ப்பதானால் தேவையில்லாத தாமதம் கூடாது, எப்படியும் 180 நாளைத் தாண்டக் கூடாது. அரசமைப்பு உரிமைக்காக நல்லெண்ணத்தோடு அரசின் மேல் வழக்குப் போட்டுத் தோற்றால், அரசின் செலவை நம் தலையில் கட்டுவது வழக்கமில்லை. 2009ன் பயோவாட்ச் தீர்ப்பு அப்படிச் சொல்கிறது. பயந்து ஒதுங்கும் சங்கத் தலைவர்களுக்கு இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

கடைசியாக, விதி வந்தால் அது நடக்கிறதா என்று பார்ப்பதும் நம் வேலைதான். 2019ல் டேட்டா விதி நடைமுறைக்கு வந்த மாதம் ஆயாவுக்கு 50 சதவீதச் செய்தி வந்தது, 80 வரவில்லை. முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து புகார் எண் வாங்கினோம். தீராவிட்டால் அந்த எண்ணோடு இகாசாவுக்குப் போவதாக இருந்தோம். அடுத்த மாதம் இரண்டு செய்தியும் வந்தன. தேதியையும் நேரத்தையும் பேரன் அதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.